கிட்டார் டேப் ஏன் போனில் உடைகிறது?

டிசம்பர் பிறந்துவிட்டால் குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கமெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ் களைகட்டிவிடும். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு கூட்டம் இருட்டில் வீடு வீடாகப் போய்ப் பாடும். கிட்டார் வாசிப்பவருக்கு முன்பெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் துணை. இப்போது போன். பக்கத்தில் நிற்கும் தம்பி யாராவது அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரிந்த டேப், அதாவது கிட்டார் வாசிக்க எழுதிவைக்கும் குறிப்பு, அந்தச் சின்னத் திரையில் கோடும் எண்ணுமாகச் சிதறிக் கிடக்கும். வாசிப்பவர் பாதியில் திணறுவார். போன் பழசு என்று பலரும் நினைக்கிறார்கள். புத்தம்புது போனிலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் கோளாறு டேப் எழுதப்படும் முறையிலேயே இருக்கிறது.

டேப் என்பது கிட்டாருக்கான எளிய குறிப்பு முறை. ஆறு தந்திக்கு ஆறு கோடு. மேல்கோடு மெல்லிய முதல் தந்தி, கீழ்க்கோடு தடித்த ஆறாவது தந்தி. கோட்டின் மேல் இருக்கும் எண், எந்த ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) விரல் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. 0 என்றால் விரல் வைக்காமல் தந்தியை அப்படியே மீட்ட வேண்டும். சி கார்டை (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக மீட்டினால் டேப் இப்படி இருக்கும். இடது ஓரத்தில் இருப்பது தந்தி எண்:

1|--------0--------|
2|------1---1------|
3|----0-------0----|
4|--2-----------2--|
5|3---------------3|
6|-----------------|

இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஐந்தாவது தந்தியில் 3, நான்காவதில் 2, மூன்றாவதில் 0 என்று ஏறி, முதல் தந்தியைத் தொட்டு, வந்த வழியே இறங்குகிறது. இதில் எண்ணைப் போலவே எண் நிற்கும் இடத்துக்கும் பொருள் உண்டு. எது முதலில், எது அடுத்து, எவை ஒன்றாக என்பதையெல்லாம் அந்த இடம்தான் சொல்கிறது. அதனால் டேப்பை எழுத்தாலேயே வரைந்த படம் என்றுதான் சொல்ல வேண்டும். போன் அதை வாக்கியம் என்று எடுத்துக்கொள்கிறது. மற்ற தொல்லையெல்லாம் இங்கிருந்து கிளைப்பவைதான்.

மேலே உள்ள டேப் உங்கள் திரையில் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் முதல் கோளாறு உங்கள் கண்முன்னே நடக்கிறது. நாம் வழக்கமாகப் படிக்கும் எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். சிறு கோடு ஒல்லி, எண் அதைவிட அகலம். ஒரு கோட்டை எடுத்துவிட்டு அங்கே ஓர் எண்ணை வைத்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே வலப்பக்கம் நகர்கிறது. இரண்டு எண் உள்ள வரிசை ஓர் எண் உள்ள வரிசையைவிட நீண்டுவிடுகிறது. புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசைப் புள்ளி மட்டும் தள்ளிப்போன மாதிரி, அப்புறம் எதுவும் எதோடும் சேராது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவுக்கு மாற்றினால் இது சரியாகிவிடும். வாட்ஸ்அப்பில் டேப் அனுப்பும்போது முன்னும் பின்னும் மூன்று மூன்று பேக்டிக் குறி (`) போட்டால் அந்த எழுத்துரு வந்துவிடும்.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பொல்லாதது. வரி திரைக்குள் அடங்கவில்லை என்றால் போன் அதை மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். கட்டுரை படிக்க அது வசதி. ஆனால் டேப்பில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக மடிகிறது. வரிக்கு பத்து எழுத்து மட்டும் கொள்ளும் திரையில் மேலே உள்ள முதல் மூன்று தந்தியும் இப்படி ஆகும்:

1|--------
0--------|
2|------1-
--1------|
3|----0---
----0----|

முதல் தந்தியின் 0 ஐந்தாவதாக ஒலிக்க வேண்டியது. இப்போது வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. மூன்றாவது தந்தியின் பிற்பாதி தனியொரு தந்தி போலத் தோன்றுகிறது. ஆறு கோடு பன்னிரண்டாகிவிட்டது. கண்ணுக்குப் பிடி கிடைக்காமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

உண்மையான திரையில் எத்தனை எழுத்து அடங்கும்? பல ஆண்ட்ராய்டு போன்களின் அகலத்தை வலைப்பக்கங்கள் 360 அலகாகக் கணக்கிடுகின்றன. 14 அளவுள்ள சம அகல எழுத்துக்கு ஏறக்குறைய 8.4 அலகு வேண்டும். வகுத்தால் 42 எழுத்து. ஆனால் டேப் எழுதுகிறவர்கள் வரிக்கு 70, 80 எழுத்து வரை எழுதிப் பழகியவர்கள். இந்த 80 என்ற எண் மிகப் பழையது. 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. பிற்காலக் கணினித் திரைகளும் வரிக்கு 80 எழுத்து என்று அமைந்தன. 1990-களின் தொடக்கத்தில் கிட்டார் பிரியர்கள் இணைய விவாதக் குழுக்களில் டேப் பரிமாறத் தொடங்கியபோது, அந்த அகலமே இயல்பாகிப் போனது. 80 எழுத்தையும் போனின் குறுக்கே அடைக்க வேண்டுமானால் எழுத்தளவு 7.5 ஆகச் சுருங்க வேண்டும். கையில் பிடித்த போனை 30 சென்டிமீட்டரில் பார்க்கிறோம். கிட்டாரை மடியில் வைத்தால் போன் 60 சென்டிமீட்டருக்குத் தள்ளிப்போகிறது, எழுத்து கண்ணுக்குப் பாதியாகத் தெரிகிறது. 7.5 அளவை யாராலும் படிக்க முடியாது. போனைப் படுக்கை வாக்கில் திருப்பினால் 90 எழுத்துக்கு மேல் அடங்கும். கையில் இருக்கும் மருந்துகளில் இது மிக எளிது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்களும் உண்டு. படத்தில் வரிசை கலையாது. ஆனால் பெரிதாக்கினால் மங்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி இன்னும் மங்கும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எழுத்தாகவே வைத்தால் ஒரு பாட்டு சில கிலோபைட்தான். எஸ்டேட் லைன் வீடுகள் பக்கம் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும். அங்கே இது பெரிய விஷயம், கிளம்புவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

நல்ல செயலிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அடுத்தடுத்து ஆறு வரிகள் கோடும் எண்ணுமாக வந்தால் அதை ஒரே கட்டாக அடையாளம் காண்கின்றன. பிறகு ஆறையும் ஒரே இடத்தில், முடிந்தால் ஒரு பார் (ஒரு தாளக் கட்டு) முடியும் நெடுங்கோட்டில், சேர்த்து வெட்டி, மிச்சத்தை முழு ஆறு கோடாக அடியில் வைக்கின்றன. இவ்வளவுதான் சூத்திரம். இதைச் செய்யாத செயலியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

இன்னொரு வழி, டேப்பை எழுத்தாக வைப்பதையே விட்டுவிடுவது. பிரான்சில் 1997-ல் உருவான கிட்டார் ப்ரோ போன்ற மென்பொருள்களின் கோப்பில் கோடுகளே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட், எவ்வளவு நேரம் என்ற தகவல் மட்டும் இருக்கும். திரையின் அகலத்தைப் பார்த்து, வரிக்கு எத்தனை பார் என்று முடிவு செய்து, அந்த நேரத்தில் கோடுகளை வரைகிறது செயலி. அதனால் எந்தப் போனிலும் உடையாது. ஒலியையும் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு கூடும். ஐந்தாவது தந்தி 110 ஹெர்ட்ஸ். மூன்றாவது ஃப்ரெட்டில் அது 130.8 ஹெர்ட்ஸ், அதாவது சி. எழுத்து டேப்பில் ஸ்வரத்தின் நீளம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பாட்டை ஏற்கெனவே கேட்டவருக்குத்தான் அது முழுதாகப் பயன்படும்.

விரல் வைக்கும் இடத்தை எழுதும் இந்த யோசனைக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வயது. 1507-ல் வெனிஸில் பெத்ரூச்சி லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கான டேப்பை அச்சிட்டார். அந்த இத்தாலிய முறையில் உச்ச ஒலித் தந்தி கீழ்க்கோட்டில் இருந்தது. 1536-ல் லூயிஸ் மிலான் ஸ்பெயினில் வெளியிட்ட நூலில் அது மேல்கோட்டுக்கு வந்தது, இன்று நாம் பார்ப்பது போலவே.

தமிழ்ப் பாட்டுக்கு வரும்போது சிக்கல் வேறு. நம் கேரல் குழுக்களுக்கு டேப்பைவிட, வரிகளுக்கு மேலே கார்ட் எழுதிய தாள்தான் அதிகம் வேண்டும். வெற்று இடங்களை எண்ணிப் போட்டு கார்டைச் சரியான எழுத்தின் தலைமேல் நிறுத்துவது ஆங்கிலப் பாட்டுக்குச் சரிப்படும். "மலைமேல்" என்ற சொல் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறியீடு. அதிலும் "லை" அகலம், "ல்" ஒல்லி. சம அகலத்தில் தமிழை அடைத்தால் பார்க்கவே சகிக்காது. எனவே எண்ணி வைத்த கார்ட் போனுக்குப் போன் இடம் மாறும். இதற்குக் கார்ட்ப்ரோ என்ற முறைதான் எனக்குத் தெரிந்து சரியான வழி. கார்டை வரிக்குள்ளேயே, அது விழும் அசைக்கு முன்னால், சதுர அடைப்பில் எழுதிவிட வேண்டும்:

[சி]மலைமேல் [ஜி]பனி பொழியும் [சி]நேரம்

கார்ட் அந்த அசையோடு ஒட்டிக்கொள்கிறது. வரி எங்கே மடிந்தாலும் கூடவே போகும். செயலி அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டும். கார்ட்ப்ரோ செயலிகள் ஆங்கில எழுத்தில் உள்ள கார்டைத்தான் புரிந்துகொள்ளும் என்பதால், கோப்பில் கார்டின் பெயரை மட்டும் அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. சி ஸ்கேலில் எடுத்த பாட்டு பெரியவர்கள் குரலுக்கு எட்டவில்லை என்றால், ஒரே தொடுதலில் எல்லா கார்டையும் இரண்டு படி (ஒரு படி என்பது ஒரு ஃப்ரெட் தூரம்) இறக்கிவிடலாம். சி பி-ஃப்ளாட் ஆகும், ஜி எஃப் ஆகும். டேப்பில் அப்படி எண்ணைக் கழிக்க முடியாது. 0-லிருந்து இரண்டைக் கழித்தால் வரும் ஃப்ரெட் கிட்டாரில் இல்லை. முதல் தந்தியின் 0 இரண்டு படி இறங்கினால் இரண்டாவது தந்தியின் 3-க்குப் போக வேண்டும். ஆறாவது தந்தியின் 0-க்குக் கீழே தந்தியே இல்லை. அங்கே வாசிப்பவர்கள் ஆறு தந்தியையும் இரண்டு படி தளர்த்திச் சுருதி சேர்த்துக்கொண்டு, டேப்பில் உள்ள எண்களை அப்படியே வாசிக்கிறார்கள்.