இறங்கக் கற்றபின் பாறை ஏறுங்கள்

பெரம்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்து வெயில் தணிந்திருக்கும் மாதங்களில் திங்கட்கிழமை காலை யார் வருவார்கள், செவ்வாய்க்கிழமை மாலை யார் வருவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். திங்களன்று வருபவர்களுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். செவ்வாயன்று வருபவர்கள் முன்தொடையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி வருவார்கள். விசாரித்தால் ஞாயிற்றுக்கிழமை குடியம் குகைக்கோ, நாகலாபுரத்துக்கோ, செஞ்சிக்கோ பாறை ஏறப் போய்வந்திருப்பார்கள். எப்போது அடிபட்டது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இறங்கும்போது சார்."

நம் வடசென்னை தட்டை நிலம். வியாசர்பாடி, கொடுங்கையூர், ராயபுரம் என்று எங்கே நடந்தாலும், மேடு என்று வந்தால் அது மேம்பாலம், இல்லாவிட்டால் ரயில் நிலையப் படிக்கட்டு. அந்தக் காலோடுதான் பாறைக்குப் போகிறோம். ஏறும்போது மூச்சு வாங்கும். உடம்பே நம்மை உட்கார வைத்துவிடும். இறங்கும்போது அந்தத் தடை கிடையாது, வேகம் தானாகக் கூடும். ஒவ்வொரு அடியிலும் முழு எடையையும் தாங்கி மெல்லக் கீழே விடுவது முன்தொடைத் தசை. கிணற்றில் குடம் இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற கை மாதிரி, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குக் காரணம் இதுதான். பயப்பட வேண்டாம், தானாகவே ஆறிவிடும். ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் என்னிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

கணுக்கால் விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரிப் பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். "வெறும் சுளுக்குதான் சார், ரெண்டு நாளா எண்ணெய் போட்டு உருவிட்டுத்தான் இருக்கோம்" என்றார். வீக்கத்தில் கால் நுழையாததால் ஷூவைக் கையில் வைத்திருந்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் வெளி ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. முன்பக்கப் பள்ளத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது.

குடியம் போனவர்களுக்கு அந்தக் கல் தெரிந்திருக்கும். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி இருக்கும் அந்தக் குகையின் பாறை, நீரோட்டம் உருட்டிவந்த குவார்ட்சைட் என்ற கெட்டியான கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகி உண்டானது. கூரையை அண்ணாந்து பார்த்தால் கடலைமிட்டாயில் கடலை பதிந்திருப்பது போலத் தெரியும். இந்த மாதிரிக் குவார்ட்சைட் கற்களைத்தான் ஆதிமனிதர்கள் உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கண்டெடுக்கத் தொடங்கிய கருவிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது. அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஆனால் பாறை கரையக் கரைய அந்தக் கற்கள் உதிர்ந்து பாதையெல்லாம் கிடக்கும். பால்ரஸ் குண்டுகளைக் கொட்டிய தரையில் நடப்பதற்குச் சமம். காலடியில் கல் உருள, பாதம் உள்பக்கமாக மடங்க, கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் கிழியும். சில சமயம் எலும்பும் போகும். சுளுக்கா முறிவா என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலும் வேண்டும். பாதத்தின் நடுவில் உள் ஓரத்திலோ வெளி ஓரத்திலோ அப்படி வலித்தாலும் வேண்டும். அந்தப் பையனால் இரண்டு அடிகூட வைக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள எலும்பின் அடிப்பகுதியில் விரிசல். அதன்மேல்தான் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். இனி செய்யாதீர்கள். முதல் சில நாட்கள் ஐஸ் ஒத்தடம், கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, அவ்வளவு போதும். உருவல் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

செஞ்சியில் பாறை வேறு, அது கருங்கல். அங்கே கோட்டை இருக்கும் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம், பெரும்பாலும் படிக்கட்டு. சரிவுப் பாறையில் உதிர்ந்து கிடக்கும் பொடிமணல் சறுக்கும், வெயில் ஏறினால் கல் கொதிக்கும். காலையில் கோட்டை திறந்ததுமே ஏறி, உச்சிவெயிலுக்குள் இறங்கிவிடுங்கள். நாகலாபுரம், தடா பக்கம் ஓடைப்பாறைகளில் பாசி இருக்கும். அங்கே பாறை உச்சியிலிருந்து குட்டைக்குள் தலைகீழாகக் குதிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீருக்குள் பாறை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவரை எழுப்பி உட்கார வைக்கவே எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சரி, எப்படித் தயாராவது? ஜிம் தேவையில்லை. ஹவுஸிங் போர்டு மாடிப்படி போதும். மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு வாரம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் முப்பது வினாடி நில்லுங்கள். காசிமேட்டில் விசைப்படகில் போகும் ஒருவர் தோள்வலிக்காக வந்திருந்தார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டும் அசையாமல் நின்றார். ஆடும் படகு தினமும் கொடுக்கும் பயிற்சி அது.

இறங்கத் தொடங்கும் முன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் இடித்து இடித்துக் கறுக்கும். முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். குடியம், வனத்துறை 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். கல் எங்கே உருளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்குக் கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆனது. இப்போது தினமும் மாடிப்படியில் எண்ணிக்கொண்டே இறங்குகிறான். முட்டிவலிக்காரரான அவன் அம்மாவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்குகிறாராம்.