ரஷ்யாவில் பிறந்த டென்னசின்

117ஆம் தனிமமான டென்னசின் பிறந்தது ரஷ்யாவின் துப்னா நகரில். பெயரோ அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சொல்கிறது. இந்த முரணுக்குக் காரணம் 22 மில்லிகிராம் பெர்க்கிலியம் என்ற கதிரியக்கத் தனிமம்.

கணக்கு எளிது. கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தின் எண். பெர்க்கிலியம் அணுக்கருவில் 97 புரோட்டான்கள், கால்சியத்தில் 20. இரண்டையும் ஒட்ட வைத்தால் 117. ஆனால் இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அதை மீற, கால்சியம்-48ஐ (புரோட்டான், நியூட்ரான் சேர்த்து 48 துகள் கொண்ட கால்சியம் வகை) ஒளிவேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு முடுக்க வேண்டும். வேகம் கூடிப்போனாலும் சிக்கல்: ஒட்டிய கரு சூடேறிப் பிளந்துவிடும்.

சரி, பெர்க்கிலியம்-249க்கு எங்கே போவது? இயற்கையில் தேடி எடுக்க முடியாது. டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் அணு உலையில் 250 நாள் கதிரூட்டி, மேலும் 90 நாள் சுத்திகரித்துத்தான் அந்த 22 மில்லிகிராமை எடுத்தார்கள். அதுவும் தங்காது, சுமார் 330 நாளில் பாதி சிதைந்துவிடும். இந்த அவசரத்தில், தாள்கள் சரியில்லை என்று ரஷ்யச் சுங்கத்துறை பொட்டலத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. போய் வந்து, மறுபடி போய் வந்து, அது அட்லாண்டிக்கைக் கடந்தது மொத்தம் ஐந்து முறை!

2009 ஜூலையில் மோதல் தொடங்கியது. சுமார் 150 நாள் தாக்கியதில் கிடைத்தவை ஆறே அணுக்கள். அவையும் நொடியில் நூறில் சில பங்கு நேரமே இருந்தன. பிறகு எப்படிக் கண்டார்கள்? ஒவ்வோர் அணுவும் இரண்டு புரோட்டான் கொண்ட ஆல்பா துகளை உமிழ்ந்து 115 ஆகும், அது 113 ஆகும். உணர்கருவியில் பதிந்த அந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் படித்தால் தொடக்கம் 117 என்று தெரியும்.

2010இல் அறிவித்தும் பெயர் உடனே கிடைக்கவில்லை. அதுவரை ‘அன்அன்செப்டியம்’, அதாவது ஒன்று-ஒன்று-ஏழு என்பதன் லத்தீன் சாயல். வாயில் நுழையாத பெயர்தான். வேதியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐயுபாக் 2015 இறுதியில் கண்டுபிடிப்பை ஏற்றது. புதிய தனிமத்துக்கு இடம், கனிமம், புராணம், அறிவியலாளர், தனிமத்தின் பண்பு ஆகியவற்றில் ஒன்றைத் தொட்டே பெயர் வைக்கலாம். கண்டுபிடித்த ரஷ்ய-அமெரிக்கக் கூட்டணி டென்னசியைத் தேர்ந்தது. துப்னாவுக்கு ஏற்கெனவே 105ஆம் தனிமம் டப்னியம் இருந்தது. மாஸ்கோ வட்டாரத்தின் பெயர் 115க்குப் போனது. 2016 நவம்பர் 28இல் எல்லாம் உறுதியாயின.

பெயரின் வால் விதிப்படி வந்தது. அட்டவணையில் 117இன் இடம் குளோரின், அயோடின் நிற்கும் 17ஆம் தொகுதி என்பதால் அதே ‘இன்’. ஆனால் அவற்றைப் போல உலோகத்தோடு சேர்ந்து உப்பு உண்டாக்குமா என்று இதுவரை யாரும் சோதித்ததில்லை. சோதித்து முடிக்குமுன் அணு போய்விடுகிறதே.