மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது?

வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகினால் யார் காசு கட்டுவது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் யார் வீட்டு கரண்ட் மீட்டரில் ஓடுகிறது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

சென்னையில் பிளம்பிங், வீட்டுப் பராமரிப்பு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு மீட்டர் இல்லை. ஒரு குடம் பிடித்தாலும் நூறு குடம் பிடித்தாலும் மெட்ரோ வாட்டர் கட்டணம் அதேதான். அதனால் வீணாகிற தண்ணீர், தண்ணீர் பில்லில் தெரியாது. சம்ப்பிலிருந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுகிற கரண்டில்தான் தெரியும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற வீடாக இருந்தால், லோடு சீக்கிரம் தீர்ந்துவிடுவதில் தெரியும்.

மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர், ஓய்வு பெற்றவர். மேலே ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தை. மேல்வீட்டுக்கு வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வரும். அது 520 ஆகிவிட்டது, அதுவும் அடுத்தடுத்து இரண்டு பில். நாற்பது யூனிட்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வலிக்கும். 2024 ஜூலையில் ஏறிய விலைப்படி 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய். 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய். நாற்பது யூனிட்டுக்கு 529 ரூபாய் கூடுதல்! காரணம், அந்த விலைப்பட்டியலில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 35 காசு விலை போய், அந்த நூறுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 40 காசு.

"ஏசி போடுறீங்க தம்பி, பில் வராம என்ன செய்யும்" என்றார் ஓனர். "மோட்டார்தான் சார் அடிக்கடி ஓடுது" என்றார் அந்தப் பையன். என்னைக் கூப்பிட்டது அவர்தான். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். அறுபது நாளில் நாற்பது யூனிட் என்றால் தினமும் நாற்பது நிமிடம் வீணாக ஓடுகிறது. ஏசியைவிட இது எனக்கு நம்புகிற மாதிரி இருந்தது.

போர்டைத் திறந்து பார்த்தேன். மோட்டார் ஒயர் மேல்வீட்டு மீட்டரில் இருந்தது. கீழ்வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிற மோட்டார் அது. முன்பு மேலே ஓனரின் மகன் குடியிருந்தபோது போட்ட இணைப்பாம். மகன் வெளிநாடு போனார், வீடு வாடகைக்குப் போனது, ஒயர் அப்படியே இருந்துவிட்டது. ஓனர் ஏமாற்றவில்லை. அவருக்கு நினைவே இல்லை.

இரவு பத்து மணிக்கு இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, டேங்கில் தண்ணீர் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நாற்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் எட்டு லிட்டர். யாரும் தொடாமல் ஒரே இரவில் முந்நூறு லிட்டருக்கு மேல் போயிருக்கிறது. மறுநாள் இரவு மேல்வீட்டு லைனின் கேட் வால்வை அடைத்தோம். அப்போதும் இறங்கியது. மூன்றாம் நாள் கீழ்வீட்டு லைனை அடைத்தோம். கோடு அசையவில்லை.

ஓனர் வீட்டு பிளஷ் டேங்கில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொஞ்சம் விட்டேன். பிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போய்ப் பார்த்தால் கோப்பையில் நீலக் கோடு. அடியில் இருக்கிற ரப்பர் வால்வு தேய்ந்துபோய், சத்தமே இல்லாமல் பின்சுவரை ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம்.

இனி சட்டம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், எந்தப் பழுது யாருடையது என்று பிரிக்கிறது. குழாய் லைனை மாற்றுவது, வீட்டின் ஒயரிங், கட்டடப் பழுது இவையெல்லாம் உரிமையாளருடையவை. டேப், அதன் வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட் பழுதுகள், சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவருடையவை. சுவருக்குள் போகிற பைப் வெடித்தால் ஓனர், டேப் சொட்டினால் நீங்கள். பலரும் 'எல்லாம் ஓனர்தான் செய்யணும்' என்று நினைத்துக்கொண்டு சொட்டுகிற டேப்புக்கு அடியில் வாளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓனர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் எந்த மாதமும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. நீங்கள் செய்யாமல் விட்டால் அவர் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடிக்கலாம். சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் பழுதைப் பற்றி. சரி, பழுது தெரிவதற்குள் வீணாய்ப் போன 529 ரூபாய்? அந்த அட்டவணையில் அதைப் பற்றி ஒரு வாக்கியமும் இல்லை. நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான். ரப்பர் வால்வு மலிவு, அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

என் வழக்கம் இது. ஒழுகல் யாருக்குமே தெரியாமல் இருந்த காலத்துக்கு, அது யார் வீட்டு லைனோ அவர் கட்ட வேண்டும். தெரிந்த பிறகு, சரிசெய்ய வேண்டியவர் தள்ளிப்போட்ட நாளுக்கெல்லாம் அவர் கணக்கு. ஆகவே என்றைக்குச் சொன்னீர்கள் என்பதுதான் காசு. படியில் பார்த்தபோது வாய்வார்த்தையாகச் சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி, ஒரு போட்டோ, அன்றைய மீட்டர் ரீடிங். அது போதும்.

அபார்ட்மென்டில் மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து உங்கள் சீலிங்கில் ஈரம் இறங்கினால் அது வேறு கதை. பெரும்பாலும் தரையில் தண்ணீர் வடிகிற டிராப்பைச் சுற்றியோ டைல்ஸ் இடுக்கிலோ இறங்குகிற நீர். உங்கள் ஓனர் மேல்வீட்டு ஓனரிடம் பேச வேண்டிய விஷயம், நீங்கள் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பாதுகாப்பு சுவிட்ச், அடிக்கடி விழுந்தால் முதலில் கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு நின்றுவிட்டால் கீசர், அதாவது உங்கள் செலவு. அப்போதும் விழுந்தால் மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எல்லாம் கழற்றியும் விழுந்தால் ஒயரிங், ஓனர் செலவு. கேஸ் வாசனை வந்தால் மட்டும் யார் செலவு என்று யோசிக்காதீர்கள். சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

மடிப்பாக்கம் வீட்டில் அந்தப் பையன், 'மோட்டார் ரொம்ப நேரம் ஓடுது சார், ஒரு தடவை பாருங்க' என்று முதல் பில் வந்த வாரமே அனுப்பியிருந்தார். பெரியவர் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தார். இரண்டாவது பில்லின் கூடுதலை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். "மொத பில்லு அப்போ எனக்கும் தெரியாதே தம்பி" என்றார். என் கணக்குப்படி அதுவும் அவர் லைன்தான், அவர் தர வேண்டியதுதான். சொன்னேன். ஆனால் பையன் "பரவாயில்ல சார்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். குழந்தையை ஓனர் வீட்டு அம்மாதான் பகலில் பார்த்துக்கொள்கிறார், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதது.

அதே வாரம் எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைக் கீழ்வீட்டு மீட்டருக்கு மாற்றினார். அடுத்த பில்லில் மேல்வீட்டுக்கு 410 யூனிட், 1,238 ரூபாய்.