துரும்பு: வைக்கோலா, வெற்றியா?

போக்கரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, "கடைசியில் தன் துரும்புச் சீட்டை இறக்கினார்" என்று கைகூசாமல் எழுதிவிடுகிறார்கள். துரும்பு என்றால் மற்ற இனத்துச் சீட்டுகளை வெட்டும் சீட்டு. போக்கரில் துரும்பே கிடையாது. ஐந்து சீட்டு சேர்ந்து என்ன வரிசை அமைகிறது என்பதுதான் அங்கே கணக்கு. ஸ்பேட், ஹார்ட் என்ற நான்கு இனமும் சமம். கையில் ஒன்றுமில்லாமலே பந்தயத்தை ஏற்றி எதிராளியை வெருட்டலாம், அது வேறு வித்தை.

துரும்பைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையில் எங்கள் மலையகத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடும் இடத்துக்கு வாருங்கள். மழை பிடித்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், சாக்கை விரித்து நான்கு பேர், 32 சீட்டு. ஆளுக்கு நான்கு சீட்டு போட்டதும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கத் தொடங்குவார்கள். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் துரும்பு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று இறங்கி, ஏழுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் துரும்பு ஏழு வந்தால், வேறு இனத்து ஜாக்கும் காலி. "என்ன மாமா, ஏழால வெட்டிட்டீங்களே!" என்ற சத்தம் அடுத்த லயம்வரை கேட்கும்.

அதனால்தான் வைக்கோல் துரும்பின் பெயரை வைத்தார்கள் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். அற்பத் துரும்பு ராசாவையே சாய்க்கிறதே! அழகான கதைதான், ஆனால் உண்மையில்லை.

போர்த்துக்கேயத்தில் 'துருன்ஃபு', ஒல்லாந்தில் (டச்சு மொழியில்) 'துரூஃப்', ஆங்கிலத்தில் 'டிரம்ப்'. மூன்றுக்கும் வேர் லத்தீனின் 'திரியும்ஃபுஸ்': வென்ற தளபதி ரோம் நகருக்குள் வரும் ஊர்வலம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், மற்றச் சீட்டுகளை வெல்லும் சீட்டுக்கு 'திரியோன்ஃபி' என்று பெயர் வந்தது. தமிழகத்தின் 'துருப்பு' ஒல்லாந்துச் சொல்லுக்குக் கிட்ட நிற்கிறது. இலங்கையில் நாம் சொல்லும் 'துரும்பில்' மகர மெய் ஒலிப்பதால், போர்த்துக்கேய வழியாக வந்திருக்கும் என்பது என் எண்ணம். சிங்களத்திலும் துரும்புதான். இலங்கையின் கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் இரண்டு பேராலும் மலைநாட்டுக் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. சொல் மட்டும் மலையேறிவிட்டது. (உட்கார்ந்து ஆடுகிற இஸ்தோப்பும் ஒல்லாந்தின் 'ஸ்தூப்'தான்.)

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வெற்றிச்சீட்டு' வேர்ப்பொருளுக்குச் சரி, ஆனால் சீட்டுப் போடும்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'வெட்டுச்சீட்டு' ஆட்டத்துக்குப் பொருந்தும். தமிழகத்தில் அது வேறொரு சூதாட்டத்தின் பெயர். நான் துரும்பு என்றே எழுதுகிறேன். போக்கர் என்று வரும்போது மட்டும் அதைக் கவிழ்த்தே வைத்துவிடுவேன்.