செப்சிஸ்: குறைமாதக் குழந்தையின் குருதித்தொற்று

செப்சிஸ் கிரேக்கச் சொல். அழுகுதல் என்பது வேர்ப்பொருள். ஆன்டிசெப்டிக் பிறந்ததும் அதே வேரில்தான்.

தமிழில் சீழ்ப்பிடிப்பு, குருதி நச்சு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சீழ்ப்பிடிப்பு நம்மைத் தவறான இடத்தில் தேடவைக்கும். 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தையிடம் சீழ் தெரியாது. பல நேரம் காய்ச்சலும் இருக்காது. உடல் சில்லிடும், பால் செரிக்காது, வயிறு உப்பும், மூச்சு நின்று நின்று வரும். நச்சு என்றாலோ, குழந்தைக்கு எதையோ கொடுத்துவிட்டார்கள் என்று தாய் பதறுவாள். குருதித்தொற்று என்பதே தகும். பெரியவர்களுக்கு இச்சொல் போதாது: தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் பழுதாவதையே 2016 வரையறை செப்சிஸ் என்கிறது. பச்சிளங்குழந்தைக்குக் குருதியில் கிருமி வளர்வதுதான் இன்றும் முதன்மைச் சான்று.

பிறந்த 72 மணி நேரத்துக்குள் வருவது முந்துதொற்று, பிறகு வருவது பிந்துதொற்று. முன்னது பெரும்பாலும் தாயிடமிருந்து, பின்னது வார்டின் கைகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும். இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற வார்டுக் கிருமிகள் முதல் மூன்று நாளிலேயே தென்படுவதால் இந்தக் கோடு இங்கே அத்தனை உறுதியானதல்ல.

முந்துதொற்றுக்கு வழக்கமான தொடக்கம் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரு ஆன்டிபயாடிக் மருந்துகள். முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) குறைந்தது 1 மி.லி. ரத்தம் எடுக்க வேண்டும். குறைந்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஜென்டாமைசினைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். 30 வாரத்துக்கு முன் பிறந்தவருக்கு அது முதிராததால், முதல் இரு வாரங்களில் கிலோவுக்கு 5 மி.கி., 48 மணிக்கொரு முறை என்பது பரவலான அளவு. அளவைக் குறைப்பதைவிட இடைவெளியை நீட்டுவதே சரி: கிருமியைக் கொல்ல ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு உயர வேண்டும், காதும் சிறுநீரகமும் பிழைக்க அடுத்த ஊசிக்கு முன்னுள்ள அடிமட்ட அளவு லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே இறங்க வேண்டும்.

பிழை நேர்வது பெரும்பாலும் சிரிஞ்சில். பெரியவர்களுக்கான ஜென்டாமைசின் மருந்துக்குப்பியில் மி.லி.க்கு 40 மி.கி. ஒரு கிலோ குழந்தைக்கு அதில் 0.125 மி.லி. மட்டுமே, கண்ணால் அளக்க இயலாத அளவு. 1 மி.லி. மருந்துடன் 3 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி. ஆகும், 0.5 மி.லி. கொடுத்தால் போதும். ஆம்பிசிலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது. அது ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்யும்.

36 முதல் 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளராமல், குழந்தையும் தேறியிருந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து, ஏழு நாள் நீட்டுவதோடு குடல் அழுகல் நோயும் பூஞ்சைத் தொற்றும் கூடுவது ஆய்வுகளில் தெரிகிறது. கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் 7 முதல் 14 நாள். கிராம் நெகட்டிவ் (கிளெப்சியெல்லா போன்ற கிருமிவகை) மூளைக்காய்ச்சல் என்றால் குறைந்தது 21 நாள்.