டிராஃப்ட்னா வரைவு இல்லீங்க, முறைத்தெரிவு

அமெரிக்க ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, முட்டை மாதிரி பந்தைக் கையில பிடிச்சு ஓடற ஆட்டம்) லீக் பேரு என்எஃப்எல். 'என்எஃப்எல் டிராஃப்ட்' அப்படிங்கறத மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டா 'என்எஃப்எல் வரைவு'ன்னு வந்து விழும். படிக்கறவன் ஏதோ சட்ட வரைவு, தீர்மான வரைவு மாதிரி ஒரு பேப்பரைப் பத்தி பேசறாங்கன்னுதான் நினைப்பான். ஆனா அங்க நடக்கறது காலேஜ்ல ஃபுட்பால் ஆடின பசங்கள 32 புரொஃபஷனல் டீமும் வரிசையா ஒவ்வொருத்தரா எடுத்துக்கற கூட்டம். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில மூணு நாள் நடக்கும், 7 ரவுண்டு, மொத்தம் 250க்கு மேல பசங்க போவாங்க.

முதல்ல சொல்லோட வேரைப் பாத்துருவோம். டிராஃப்ட், டிரா ரெண்டும் ஒரே குடும்பம், பழைய இங்கிலீஷ்ல 'டிராகன்'னு ஒரு வினை (நெருப்பு கக்கற டிராகன் இல்ல, அது வேற), அதுக்குப் பொருள் இழுக்கறது. வண்டி இழுக்கற குதிரை டிராஃப்ட் குதிரை, பீப்பாயிலேந்து இழுத்து ஊத்தற பீர் டிராஃப்ட் பீர், பேங்க்ல பணத்தை இழுத்து எடுக்க எழுதிக் குடுக்கற சீட்டும் டிராஃப்ட்தான், அதைத்தான் நாம டிடின்னு சொல்லிட்டு இருந்தோம். பேனாவை பேப்பர் மேல இழுத்தா கோடு வருது, அப்படித்தான் படம் வரையறதும் டிரா ஆச்சு, முதல்ல கிறுக்கி வைக்கற பிரதியும் டிராஃப்ட் ஆச்சு. நம்மகிட்டயும் இந்த ஓட்டம் இருக்கு, 'ஒரு கோடு இழு'ன்னுதானே சொல்றோம். வரைவுங்கற சொல் இந்தக் கடைசி கிளைக்கு மட்டும் பொருந்தும். டிடிக்கு வரைவோலைன்னு வச்சாங்க, அங்க கூட ஓலைன்னு ஒண்ணு ஒட்டிட்டு இருக்கறதால பொருள் கெடல.

ஃபுட்பால்ல வர்ற டிராஃப்ட் வேற கிளை, பட்டாளத்துலேந்து வந்தது. ஒரு கூட்டத்துலேந்து சில பேர மட்டும் தனியா இழுத்து வேலைக்கு அனுப்பறதுதான் அந்தப் பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல 1863ல கட்டாயமா ஆள் எடுத்தப்போ நியூயார்க்ல பெரிய கலவரமே வெடிச்சது, வியட்நாம் போருக்கு 1969 டிசம்பர்ல பிறந்த தேதிய குலுக்கிப் போட்டு வரிசை வச்சாங்க, 1973ல அந்த முறையையே நிறுத்துனாங்க. அந்த ஊர்ல ஒரு தலைமுறைக்கு டிராஃப்ட்னா வீட்டுக்கு வர்ற அரசாங்கக் கடுதாசிதான் முதல்ல ஞாபகம் வரும். பட்டாள டிராஃப்டுக்குத் தமிழ்ல கட்டாய ஆள்சேர்ப்புன்னு நல்ல சொல்லே இருக்கு, அதுல எனக்கு வாதமில்ல.

இந்தச் சொல் பந்தாட்டத்துக்கு ஏன் ஒட்டுச்சுன்னு புரியணும்னா 1930களுக்குப் போகணும். அப்போ காலேஜ் முடிச்ச நல்ல ஆட்டக்காரன் எந்த டீம் கூடக் காசு குடுக்குதோ அங்க போவான், அதனால காசுள்ள நாலஞ்சு டீமே ஜெயிச்சுட்டு இருந்தது, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மாதிரி டீமெல்லாம் அடி வாங்கிட்டு இருந்தது. அந்த ஈகிள்ஸோட முதலாளி பெர்ட் பெல்தான் 1935ல மத்த முதலாளிங்ககிட்ட ஒரு யோசனை வச்சார்: கடைசி இடம் வந்த டீம் முதல்ல ஒருத்தன எடுத்துக்கட்டும், அப்புறம் அதுக்கு மேல இருக்கற டீம், இப்படியே போய் சாம்பியன் கடைசில எடுக்கட்டும். கடைசி இடத்துல இருந்தது அவரோட டீமேதாங்கறத மறந்துடக் கூடாது, ஆனாலும் பலமா இருந்த டீம்களும் ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா எல்லா ஆட்டமும் ஒருதலையாப் போனா டிக்கெட் யாரு வாங்குவா.

முதல் கூட்டம் 1936 பிப்ரவரி 8ம் தேதி ஃபிலடெல்ஃபியாவுல ஒரு ஹோட்டல்ல நடந்தது. 9 டீம், 9 ரவுண்டு, 81 பேரு. ஒரு கரும்பலகையில சுமார் 90 பேர எழுதி வச்சு அதைப் பாத்தே எடுத்தாங்க. ஈகிள்ஸ் முதல்ல எடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கரை, காலேஜ் ஆட்டத்துக்கான ஹைஸ்மன் கோப்பைய முதல் முதல்ல வாங்கினவர் அவர்தான். சம்பளம் குடுத்துக் கட்டுப்படியாகாதுன்னு அவரோட உரிமைய சிகாகோ பேர்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க, அங்கயும் பேரம் படியல, மனுஷன் ஒரு ரப்பர் கம்பெனி வேலைக்குப் போயிட்டார், என்எஃப்எல்ல ஒரு ஆட்டம் கூட ஆடல. டிராஃப்ட் வரலாற்றோட முதல் ஆளு கதை இது.

இங்கதான் சொல்லோட உயிர்நாடி இருக்கு. கிராமத்துல உத்தி பிரிக்கறப்போ ரெண்டு பேரு ஜோடி சேந்து ரகசியமா பேரு வச்சுட்டு வருவாங்க, தலைவன் கண்ணை மூடிட்டு கேக்கற மாதிரி ஒண்ணைக் கேப்பான், பலம் ரெண்டு பக்கமும் ஒரு மாதிரி சமமாப் பிரியும். டிராஃப்டும் சமப்படுத்தத்தான், ஆனா இங்க ரகசியம் கிடையாது, யாரு எப்போ எடுக்கணுங்கற முறைதான் எல்லாம். ஒரு டீமுக்கு ஆள் எடுக்கக் கிடைக்கற அந்த முறையே (இங்கிலீஷ்ல பிக்) ஒரு சொத்து, விக்கலாம், மாத்திக்கலாம். 1989ல மினசோட்டா வைக்கிங்ஸ், ஹெர்ஷல் வாக்கர்ங்கற ஒத்தை ஆட்டக்காரருக்காக டாலஸ் கவ்பாய்ஸுக்கு ஆட்களோட சேத்து ஒரு கட்டு முறைகளத் தூக்கிக் குடுத்தாங்க, டாலஸ் அதை வச்சே டீம் கட்டி அடுத்த சில வருஷத்துல மூணு சூப்பர் பவுல் (என்எஃப்எல்லோட இறுதி ஆட்டம்) அடிச்சது. முறைக்கு நேரக் கெடுவும் உண்டு, சில நிமிஷத்துக்குள்ள பேரைச் சொல்லியாகணும். 2003ல இதே வைக்கிங்ஸ் ஒரு பேரத்துல மாட்டிட்டு 7வது முறையில நேரத்தைக் கோட்டை விட, பின்னாடி இருந்த ஜாக்சன்வில்லும் கரோலைனாவும் குடுகுடுன்னு ஓடிப்போய் தங்களோட ஆளுங்க பேரைக் குடுத்துட்டாங்க, வைக்கிங்ஸுக்கு 9வதாத்தான் கிடைச்சது.

எடுக்கப்படறவனுக்கு இதுல வாய் கிடையாது, பட்டாள வாடை அங்கதான் அடிக்குது. ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகணும், அப்புறம் எந்த டீம் பேரைச் சொல்லுதோ அவங்ககிட்டத்தான் பேசணும். 1983ல ஜான் எல்வே பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆட மாட்டேன், பேஸ்பால் ஆடப் போயிடுவேன்னு அடம் பிடிச்சு டென்வருக்குப் போனார், 2004ல ஈலை மேனிங் சான் டியாகோ வேணாம்னு நின்னு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாறினார், ஆனா அப்படி முரண்டு பிடிக்க கைல பெரிய பேரு இருக்கணும். சம்பளமும் இப்போ எத்தனாவது ஆளுங்கறத வச்சே ஏறக்குறைய முடிவாயிடுது: 2010ல முதலாவதாப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம், விதி மாறின மறு வருஷம் முதலாவதாப் போன கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு சுமார் 22 மில்லியன்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? ஏலம்னு சொல்லவே கூடாது, ஐபிஎல்ல நடக்கறது ஏலம், அங்க காசு பேசும், இங்க வரிசை பேசும். லங்கா பிரீமியர் லீக் 2020ல டிராஃப்ட்ல ஆரம்பிச்சு 2023ல ஏலத்துக்கு மாறுச்சு, ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சா இந்த மாற்றத்தையே எழுத முடியாது. தேர்வுன்னா தமிழ்நாட்டுல பரீட்சை ஹால்தான் கண்ணுல வரும், இலங்கையில புழங்கற தெரிவு அதை விட சுத்தம், குறள்லயே ஆளைச் சோதிச்சு எடுக்கறதுக்கு 'தெரிந்து தெளிதல்'னு ஒரு அதிகாரம் இருக்கு. இன்னொண்ணு, என்எஃப்எல்லோட ஆவணங்கள்ல இந்த நிகழ்ச்சியோட அதிகாரப்பூர்வ பேரே வருடாந்திர வீரர் தெரிவுக் கூட்டம்ங்கற மாதிரிதான் இருக்கும், டிராஃப்ட்ங்கறது ஜனங்க வாயில புழங்கற பேரு.

ஆனா வெறும் தெரிவுன்னா முறை காணாமப் போயிடுது. அதனால என் ஓட்டு முறைத்தெரிவுக்கு. பிக்னா முறை, 'முதல் சுற்று முறைய வித்துட்டாங்க'ன்னு எழுதிப் பாருங்க, தானா உக்காருது. யாரும் எடுக்காத ஆளு தெரிவாகாதவர். பேச்சுல டிராஃப்ட்னே சொல்லிக்கலாம், எழுத்துல வரைவை மட்டும் விட்டுருங்க.

கடைசி முறையில போறவனுக்கு அங்க 'மிஸ்டர் இர்ரெலவன்ட்'னு ஒரு கேலிப் பட்டம் உண்டு, 1976லேந்து விழாவே எடுக்கறாங்க. இதுக்குத் தமிழ் தேடவே வேணாம், ஒப்புக்குச் சப்பாணி. 2022ல 262வது ஆளா, அதாவது ஆகக் கடைசியா, சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த பிராக் பர்டிதான் 2024 பிப்ரவரி சூப்பர் பவுல்ல அந்த டீமோட குவார்ட்டர்பேக்கா (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவரா) நின்னார், ஓவர்டைம்ல தோத்தாங்க. 2025ல அதே ஒப்புக்குச் சப்பாணியோட டீம் போட்ட புது ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு 265 மில்லியன் டாலர்.