கூப்பர்டினோ நடுநிலைப் பள்ளிகள்: முகவரி, மதிப்பெண், விதிகள்

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வீடு தேடுகிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது விளம்பரத்தின் கீழே போட்டிருக்கும் பள்ளி மதிப்பெண்ணை. பத்துக்கு ஒன்பதா, எட்டா? பெரும்பாலும் அந்த எண் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு போடுவது, அரசு போடுவதல்ல. அரசு வெளியிடும் விவரம் அதைவிட விரிவானது, இலவசமானது. படிக்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

முதலில் எல்லை. கூப்பர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 6 முதல் 8 வரை நடத்தும் நடுநிலைப் பள்ளிகள் ஐந்து: கென்னடி, லாசன், ஹைட், மில்லர், கூப்பர்டினோ மிடில். பெயரை நம்பி வீடு பார்க்காதீர்கள். கூப்பர்டினோ மிடில் இருப்பது சன்னிவேலில், மில்லர் இருப்பது சான் ஹோசேயில்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வேறொரு நிர்வாகத்தின் கீழ் போகிறது. அதன் பெயர் ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் (விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). மான்டா விஸ்டா, லின்புரூக், கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட், ஃப்ரீமான்ட் ஆகிய ஐந்தில் எது கிடைக்கும் என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது, படித்த நடுநிலைப் பள்ளி அல்ல. எல்லைக்கு வெளியிலிருந்து அனுமதி வாங்கி ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் அதையொட்டிய உயர்நிலைப் பள்ளியும் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதே முகவரியை இரண்டு மாவட்டங்களின் தேடல் கருவிகளிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியில் அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இடம் நிரம்பியிருந்தால் மாவட்டத்துக்குள் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்து மதிப்பெண். மாநில அரசு 2017 முதல் ‘கலிபோர்னியா ஸ்கூல் டேஷ்போர்டு’ நடத்துகிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஐந்து நிறங்கள், நீலம்தான் மேல். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இந்த ஆண்டின் நிலையும், போன ஆண்டிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதும் சேர்ந்துதான் நிறமாகிறது. அதனால் உயரத்தில் இருந்து சறுக்கிய பள்ளியும் கீழிருந்து ஏறிய பள்ளியும் ஒரே நிறத்தில் தெரியலாம். உள்ளே போய் எண்ணைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மாணவர்கள் வகுப்புத் தரத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி மேலே, எத்தனை புள்ளி கீழே என்று அங்கே இருக்கும்.

அந்தச் சராசரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி பெற்றோரின் படிப்பும் வருமானமும்தான், ஆசிரியர்களின் திறமை அல்ல. எனவே ஒரே பிரிவை எடுத்து ஒப்பிடுங்கள்: ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர், சிறப்புக் கல்வி பெறுவோர். ஒரு பிரிவில் 30 பேராவது இருந்தால்தான் பொதுவாக நிறம் கிடைக்கும். இப்படிப் பார்த்தால் சில நேரம் வரிசையே மாறிப்போகும்.

டேஷ்போர்டில் ‘நீடித்த வருகையின்மை’ என்ற கட்டத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பதிவான நாட்களில் 10 சதவீதம் வராதவர்கள் இதில் சேர்வார்கள். 180 நாள் கல்வியாண்டில் அது 18 நாள். அனுமதி பெற்ற விடுப்பும் இதில் சேரும். குளிர்கால விடுமுறையோடு மூன்று வாரம் கூட்டி ஊருக்குப் போய் வந்தாலே 15 நாள் போய்விடும். பிறகு ஒரு காய்ச்சல் போதும். புலம்பெயர்ந்தோர் நிறைந்த பள்ளியில் இந்த எண் கூடியிருந்தால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

ஒவ்வொரு பள்ளியும் பிப்ரவரி 1க்குள் ஆண்டறிக்கை அட்டை வெளியிட வேண்டும். தகுதிச் சான்று இல்லாமல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எத்தனை, கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் இடைநீக்கம் ஆனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் வராத விஷயங்கள்.

இனி தமிழ்க் குடும்பங்களை நேராகத் தொடும் ஒன்று. கலிபோர்னியாவில் முதன்முறை சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் தருவார்கள். முதல் மூன்று கேள்விகளில் எதற்காவது ‘தமிழ்’ என்று எழுதினால் 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு நடக்கும். அதற்குப் பயந்து பொய் எழுத வேண்டாம். ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை அந்தத் தேர்வோடு வெளியே வந்துவிடும். தேறாவிட்டால் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்று பதிவாகி, தினமும் ஆங்கில மேம்பாட்டுப் பாடம் கட்டாயமாகும். நடுநிலைப் பள்ளியில் அது இசை, ஓவியம் போன்ற விருப்பப் பாடத்தின் நேரத்தைத் தின்றுவிடலாம். அந்தப் பாடத்தை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் கேளுங்கள். மதிப்பெண் ஒப்பீட்டைவிட இந்தக் கேள்வி பயன் தரும்.

கணிதத்தில் கேட்க வேண்டியது, எட்டாம் வகுப்பு முடிவில் பிள்ளை எந்தப் பாடத்தை முடித்திருக்கும் என்பது. ஒன்பதில் எந்தக் கணிதத்தில் சேர்ப்பது என்பதற்கு எழுதப்பட்ட, பாரபட்சமற்ற விதி இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் மாதத்துக்குள் ஒரு மறுபரிசீலனையும் உண்டு.

மாவட்டத்துக்குள் வேறு பள்ளி வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் போக இடம் மிஞ்ச வேண்டும். கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல். மதிப்பெண் பட்டியலை இணைப்பதால் பயனில்லை, படிப்புத் திறனை வைத்து ஆள் எடுக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு போன்றவை முகவரிச் சான்றாகும். குடியுரிமையையோ விசாவையோ பற்றி அவர்கள் கேட்கக் கூடாது. தடுப்பூசியில்தான் இந்தியாவிலிருந்து வருவோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழாம் வகுப்புக்கு ஏழு வயதுக்கு மேல் போட்ட ‘டிடாப்’ (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்குமான தடுப்பூசி) கட்டாயம். நம்மூர் அரசுத் திட்டத்தில் பத்து வயதில் போடுவது ‘டிடி’. அதில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குமுன் ஒரு ஊசி போட்டுச் சான்றைக் கொடுத்துவிட வேண்டும்.